மினி டிராக்டரில் முன் லோடர்: முதல் முறை உட்காருகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

வைகாசி பிறந்தால் எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய்கள் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வண்டல் அள்ளி வயலில் கொட்ட அதுதான் சமயம். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். வைகை அணையிலிருந்து அதற்குப் பெரும்பாலும் ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குள் வண்டலும் குப்பையும் வயலில் இறங்கிச் சிதறியிருக்க வேண்டும். முன்பெல்லாம் மம்பட்டியும் சட்டியுமாக ஆள் வைத்துச் செய்த வேலை. இப்போது 24 எச்.பி., 28 எச்.பி. மினி டிராக்டரின் முன்னால் லோடர் (இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் முனையில் மண் அள்ளும் பக்கெட்டும்) மாட்டித் தாங்களே செய்துகொள்கிறவர்களைப் பார்க்க முடிகிறது.

டிராக்டர் ஓட்டத் தெரிந்தால் லோடரும் ஓட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் ஏறி உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். லிவர் கைக்குப் பிடிபட அரை நாள் போதும். ஆனால் எடை இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே சாயப்போகிறது என்பது உடம்புக்குப் பிடிபட எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிளட்ச், கியர், இரட்டை பிரேக் எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். பழக்கம் இல்லையென்றால் லோடரைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் வெறும் டிராக்டரை ஓட்டிப் பழகுங்கள்.

எடைக் கணக்கு

நான்கடி அகலமுள்ள சின்ன பக்கெட் ஏறக்குறைய ஆறு கன அடி பிடிக்கும். ஈர வண்டல் கன அடிக்கு 45 முதல் 50 கிலோ வரும். ஆக ஒரு பக்கெட் ஈர வண்டல் கிட்டத்தட்ட 300 கிலோ. அதே பக்கெட்டில் நன்றாகக் காய்ந்த தொழுவுரம் அள்ளினால் நூறு கிலோவுக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே அளவுக் குவியல். வண்டிக்கு அது ஒன்றுக்கு மூன்று.

இந்த 300 கிலோ முன் சக்கரத்துக்கு மேலே உட்காருவதில்லை. அதற்கும் முன்னால், காற்றில் தொங்குகிறது. கடப்பாரையால் கல்லை நெம்புகிற கணக்குதான் இது: முன் அச்சு நடுவில் முட்டுக்கொடுத்த கல், பக்கெட் ஒரு முனை, பின் சக்கரம் மறு முனை. முன் அச்சிலிருந்து பக்கெட் எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் பின் அச்சும் என்றால், முன்னால் ஏறிய 300 கிலோவும் பின் சக்கரத்திலிருந்து 300 கிலோவைத் தூக்கிவிடும். முன் அச்சுக்கு 600 கிலோ கூடும். மினி டிராக்டரின் மொத்த எடையே ஒரு டன்னுக்கு முன்னே பின்னேதான் இருக்கிறது. அப்படியானால் பின்னால் என்ன மிச்சம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வண்டியோடு வரும் புத்தகத்தில் தூக்கு எடை என்று ஒரு எண் போட்டிருக்கும். பெரும்பாலும் அது பக்கெட்டை லோடர் கையில் மாட்டும் 'பின்' (ஆணி) இருக்கும் இடத்தில் அளந்தது. பக்கெட்டின் சொந்த எடையையும், மண் அந்தப் பின்னுக்கு ஒன்றரை அடி முன்னால் கிடப்பதையும் கழித்தால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்த எண்ணை அப்படியே நம்பி அள்ள வேண்டாம்.

பின்னால் எடை கட்டாமல் லோடரைத் தொடாதீர்கள்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழக ஆரம்பித்த மூன்றாம் நாள், கண்மாய்க் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவில் பக்கெட் நிறைய ஈர வண்டலோடு நேராக முகம் பார்த்து இறங்கினேன். திருப்புவதற்கு இடைஞ்சல் என்று, பின்னால் மாட்டியிருந்த ரொட்டவேட்டரை (சுழலும் கத்தியால் உழும் கருவி) காலையிலேயே கழற்றிப் போட்டிருந்தேன். பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. பின் சக்கரம் இரண்டும் தரையில் உரசியும் உரசாமலும் பூட்டிக்கொள்ள, வண்டி முன் சக்கரத்தில் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. டிராக்டருக்கு பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில்தான் அதன் அர்த்தம் புரிந்தது. கீழே நின்ற மாமா, "பக்கெட்ட எறக்கு மாப்ள, எறக்கு!" என்று கத்தினார். லிவரை முன்னால் தள்ளினேன். பக்கெட் தரையில் மோதி மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. பின் சக்கரம் 'தொப்' என்று விழுந்தது.

அன்றைக்கு மாமா சொன்னது: "முன்னால தூக்குறவன் பின்னால பாத்துட்டுத்தான் தூக்கணும்."

பின் எடைக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, உங்களிடம் இருக்கும் ரொட்டவேட்டர். மினி டிராக்டர் ரொட்டவேட்டரே 200, 250 கிலோ வரும். அதை மூன்று முனை இணைப்பில் மாட்டி, தரையிலிருந்து ஒரு அடி மட்டும் தூக்கி வைத்தால் போதும். கத்தி சுற்றாதபடி, அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு அணைந்திருக்க வேண்டும். இரண்டாவது, கான்கிரீட் எடை. 200 லிட்டர் பேரலைப் பாதியாக அறுத்து, இணைப்புக்கான பின்களை லேத்துப் பட்டறையில் பற்றவைத்து, கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய 240 கிலோ. ரொட்டவேட்டரைவிட நீளம் குறைவு என்பதால் குறுகிய இடத்தில் திரும்பச் சுலபம். மூன்றாவது, பின் டயர்களுக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது. இது எடை கூட்டும், ஆனால் பின் அச்சின் மேலேயே நிற்பதால் நெம்புக் கணக்கில் அவ்வளவு உதவாது. மற்ற இரண்டில் ஒன்றோடு சேர்த்துத்தான் இதைச் செய்யலாம். என்னைக் கேட்டால் கான்கிரீட் எடைதான். ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் கிடக்கும்.

முன்பக்கம் வண்டியோடு வந்த எடைத் தகடுகள் இருந்தால் லோடர் வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். அவை ஏரோட்டுகிறபோது முன்பக்கம் தூக்காமல் இருப்பதற்கு.

உட்காரும் முன்

முன் டயர் காற்றைப் பாருங்கள். லோடர் வேலைக்குப் புத்தகத்தில் தனி அளவு இருக்கும், சாதாரண வேலையைவிடக் கூடுதலாக. காற்று குறைந்த டயரில் பாரம் ஏறினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். ஹைட்ராலிக் ஆயில் அளவு, ஓஸ் பைப்புகளில் கசிவு, பக்கெட் பின்களில் பூட்டு ஊசி இருக்கிறதா, இவ்வளவையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். விரலையே எடுக்கும்படி ஆகலாம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், கசிவு இருந்தால் அட்டையில் ஈரம் தெரியும். ஆயில் தோலுக்குள் ஏறியது என்று சந்தேகம் வந்தால்கூட வலிக்கட்டும் என்று காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரட்டை பிரேக் பெடல்களைக் கொக்கியால் இணைத்துவிடுங்கள். இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம்) இருந்தால் அதை நிமிர்த்திப் பூட்டி, சீட் பெல்ட் போடுங்கள். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது. இரண்டில் ஒன்று மட்டும் இருப்பது ஆபத்து.

முதல் நாள்: வெறும் பக்கெட்

சமதளமான, மேலே மின்கம்பி இல்லாத இடம் வேண்டும். அறுவடை முடிந்த வயல் நல்லது. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் வரப்புக்கு அங்கிட்டு நிறுத்திவிடுங்கள்.

லிவர் வலது கைக்குப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான லோடர்களில் இப்படித்தான்: தன் பக்கம் இழுத்தால் லோடரின் கைகள் உயரும், முன்னால் தள்ளினால் இறங்கும். இடது பக்கம் சாய்த்தால் பக்கெட் உள்ளே மடங்கும், வலது பக்கம் சாய்த்தால் கவிழும். முன்னால் இன்னும் அழுத்தித் தள்ளினால் 'டக்' என்று ஒரு இடத்தில் பூட்டிக்கொள்ளும். அதற்கு மிதவை நிலை என்று பெயர். அந்த நிலையில் ஆயில் தடுக்காது. பக்கெட் தன் எடையில் தரையை ஒட்டி மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். பக்கெட் உயரத்தில் இருக்கும்போது தவறி இந்த இடத்துக்குத் தள்ளினால் கைகள் பொத்தென்று விழும். அதனால் வண்டி நிற்கும்போதே, பக்கெட் தரையிலிருந்து அரை அடியில் இருக்க, அந்த 'டக்' எங்கே வருகிறது என்று பத்துத் தடவை தள்ளிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் அது தெரிய வேண்டும்.

கை ஆக்ஸிலேட்டரை 1,500 ஆர்.பி.எம். அளவில் வையுங்கள். அதைவிடக் குறைத்தால் ஹைட்ராலிக் சோம்பும், எஞ்சின் திணறும். முழுசாகக் கூட்டினால் லிவரின் ஒவ்வொரு அசைவுக்கும் பக்கெட் துள்ளும்.

அப்புறம் பயிற்சி. வெறும் உரச்சாக்கு ஒன்றைத் தரையில் விரியுங்கள். பக்கெட்டை மெதுவாக இறக்கி, அதன் உதடு (முன் விளிம்பு) சாக்கைத் தொட்டதும் நிறுத்துங்கள். சாக்கு நசுங்கி மண்ணில் அழுந்தினால் அதிகம் இறக்கிவிட்டீர்கள், முன் சக்கரம் லேசாகத் தூக்கியிருக்கும். சாக்கை ஒருவர் இழுத்தால் இலேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், அதுதான் அளவு. (இழுக்கிறவர் பக்கவாட்டில் நின்று நீளக் கம்பால் இழுக்கட்டும், பக்கெட்டுக்கு அடியில் கை நீட்டக் கூடாது.) இருக்கையிலிருந்து பார்த்தால் உதடு தெரியாது என்பதுதான் புதிதாக ஓட்டுகிறவர்களின் பெரிய தலைவலி. அதற்கு ஒரு வழி: பக்கெட்டின் அடி தரையில் சமமாகப் படுத்திருக்கும்போது இறங்கிப்போய், பக்கெட் சிலிண்டரைத் தாங்கும் கையில் ஒரு கோடும் அதற்கு நேராக பக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு கோடும் வெள்ளை பெயிண்டால் போடுங்கள். கைகள் கீழே இருக்கும்போது இரண்டு கோடும் நேரானால் பக்கெட் சமம். எங்கள் வண்டியில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பழகி வருஷமானாலும் கண் அங்கேதான் போகிறது.

சாக்குப் பயிற்சி கைகூடிய பிறகு, வெறும் பக்கெட்டோடு முதல் கியரில் முன்னும் பின்னும் போய், ஓடுகிற வண்டியிலேயே பக்கெட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதல் நாளுக்கு இது போதும். மண்ணைத் தொட வேண்டாம்.

இரண்டாம் நாள்: குவியலில் அள்ளுவது

முதல் பாடத்துக்கு எம்-சாண்டோ மக்கிய குப்பையோ நல்லது. தளர்ந்த குவியலாக இருக்க வேண்டும். காய்ந்த கண்மாய்த் தரையைத் தோண்ட லோடரால் ஆகாது. அது ஜேசிபி வேலை. மினி டிராக்டர் லோடர் குவித்ததை அள்ளும், கொட்டும், நிரவும். இந்த எல்லையை ஏற்றுக்கொண்டால் வண்டி பத்து வருஷம் உழைக்கும்.

குவியலுக்கு நேராக வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரம் திரும்பியிருக்கக் கூடாது, பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் முட்டக் கூடாது. அப்படி முட்டினால் கைகள் முறுக்கிக்கொள்ளும். நான்கு சக்கர இயக்கத்தைப் போடுங்கள். லோ ரேஞ்சு, முதல் கியர். பக்கெட் தரையில் சமமாகப் படுத்திருக்கட்டும். மெதுவாகக் குவியலுக்குள் போங்கள். பக்கெட்டின் முக்கால் பங்கு மண்ணுக்குள் போனதும் எஞ்சின் சத்தம் கனக்கும். அந்த நொடியில்தான் வேலை இருக்கிறது. லிவரை இடது பக்கம் சாய்த்துப் பக்கெட்டை மடக்கிக்கொண்டே, கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துத் தூக்க வேண்டும், வண்டி அங்குலம் அங்குலமாக முன்னே போய்க்கொண்டே இருக்க. மடக்குவதும் தூக்குவதும் ஒரே அசைவு. முதலில் இரண்டும் தனித்தனியாகத்தான் வரும். இருபது, முப்பது பக்கெட் அள்ளியபின் கை தானாக மூலைவாட்டில் போகும்.

வேகமாக ஓடிவந்து குவியலில் முட்டி நிரப்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதைப் பழகாதீர்கள். மினி டிராக்டரின் முன் அச்சு அதற்குச் செய்ததில்லை.

'கீச்' என்று ஹைட்ராலிக் கத்தினால் அது ரிலீஃப் வால்வு: இதற்கு மேல் தூக்க முடியாது என்று சொல்கிறது. லிவரை விட்டுவிட்டு, சற்றுப் பின்வாங்கி, குறைவாக அள்ளுங்கள். சக்கரம் சுற்றி மண்ணைத் தோண்டினாலும் அதேதான். ஆரம்பத்தில் அரைப் பக்கெட்டுக்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. பத்து நடை கூடுதலாகப் போனாலும் டீசல்தான் கொஞ்சம் போகும்.

தூக்கிக்கொண்டு போவது

பக்கெட் முழுசாக மடங்கி, தரையிலிருந்து ஒரு அடி. அதற்கு மேல் ஒரு அங்குலமும் தேவையில்லை. முன் அச்சு நடுவில் ஒற்றைப் பின்னில்தான் ஆடுகிறது. அதனால் டிராக்டர் உண்மையில் நிற்பது நான்கு புள்ளியில் அல்ல, இரண்டு பின் சக்கரமும் முன் அச்சின் நடுப் பின்னுமாக மூன்று புள்ளியில். பாரம் மேலே ஏற ஏற, ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறினாலே வண்டி பக்கவாட்டில் சாயும். அப்படிச் சாய்வதாகத் தோன்றினால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், பிரேக்கைக் குத்தாதீர்கள். முதலில் பக்கெட்டை இறக்குங்கள்.

சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது முன்முகமாக, இறங்கும்போது பின்முகமாக, கியரிலேயே. நான்கு சக்கர இயக்கம் போட்டிருந்தால் பிரேக் பிடிப்பது முன் சக்கரத்துக்கும் போய்ச்சேரும் என்பதால் சரிவில் அது கட்டாயம். சரிவின் குறுக்கே பாரத்தோடு போகவே வேண்டாம், சுற்றிப் போங்கள்.

டிரெய்லரில் கொட்டுவது

ஆரம்பத்தில் எல்லோரும் பயப்படும் இடம் இது. பயப்படுவது சரிதான்.

கைகள் உயரும்போது பக்கெட் அவற்றோடு சேர்ந்து பின்னால் சாய்ந்துகொண்டே வரும். சமநிலைக் கம்பி வைத்த விலை கூடிய லோடர்கள் தவிர மற்றவற்றில் இது இயல்பு. கீழே சரியாக மடங்கியிருந்த பக்கெட், தலைக்கு மேலே போகும்போது உங்களைப் பார்த்து வாய் திறந்து நிற்கும். மண் என்றால் பானெட்டில் கொட்டும். தேங்காய், பனங்கட்டை, உருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டு என்றால் கைகளின் மேல் உருண்டு நேராக இருக்கைக்கே வரும். அதனால் தூக்கும்போதே லிவரை வலது பக்கம் தொட்டுத் தொட்டுச் சாய்த்துப் பக்கெட்டைச் சமத்துக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். வெறும் பக்கெட்டில் இதைத் தனியாக ஒரு மணி நேரம் பழகுங்கள். உருளும் பொருளை, குறிப்பாக வைக்கோல் கட்டை, பக்கெட்டில் வைத்துத் தலை உயரத்துக்குத் தூக்காதீர்கள். அதற்கு முள் கவ்வி தனியாக இருக்கிறது.

டிரெய்லருக்குச் செங்கோணத்தில், ஐந்தடி தள்ளி நில்லுங்கள். அங்கேயே கைகளைத் தூக்கி, பக்கெட் டிரெய்லர் பலகையைத் தாண்டியதும், நடக்கிற வேகத்துக்கும் குறைவாக முன்னே போங்கள். பலகைக்கு மேலே வந்ததும் பிரேக் பிடித்து, மெதுவாகக் கவிழுங்கள். ஒரேயடியாகக் கவிழ்த்தால் எடை போன வேகத்தில் வண்டி பின்னால் துள்ளும். காலியானதும் பின்வாங்கி, டிரெய்லரை விட்டு விலகிய பிறகே இறக்க வேண்டும். டிரெய்லருக்குச் சக்கரக் கல் வைத்திருக்கிறார்களா, அதற்குள் ஆள் நிற்கிறாரா என்று ஒவ்வொரு நடையும் பாருங்கள்.

மேலே பாருங்கள். எங்கள் பக்கம் மோட்டார் கொட்டகைக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தொய்ந்து கிடக்கின்றன. உயர்த்திய பக்கெட் ஏழு, எட்டு அடி போகும். அதற்கு மேல் மண் குவியல். தப்பித்தவறிக் கம்பியில் பட்டால் இருக்கையை விட்டு இறங்காதீர்கள். முடிந்தால் பக்கெட்டை இறக்கி விலகுங்கள், முடியாவிட்டால் மின்சாரம் நிறுத்தப்படும்வரை உட்கார்ந்தே இருங்கள், யாரையும் பக்கத்தில் வரவிடாதீர்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்த்துத் தள்ளிக் குதிக்க வேண்டும்.

நிரவுவது

கொட்டிய குவியலைப் பரப்ப முதலில் பக்கெட்டைச் சமமாக வைத்து, தரைக்கு ஒரு கை உயரத்தில் தள்ளுங்கள். பக்கெட்டை முழுசாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முன்னால் தள்ளவே கூடாது. அப்போது சிலிண்டர் கம்பி முழு நீளத்துக்கு வெளியே நிற்கும், ஒரு கல் தட்டினால் வளைந்துவிடும்.

மேடு பள்ளம் சீராக்க, பின்னோக்கி இழுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. பக்கெட்டை லேசாக முன்னால் சாய்த்து, தரையில் வைத்து, லிவரை மிதவை நிலையில் பூட்டி, பின்கியரில் மெதுவாகப் போங்கள். உதடு மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டுக்கொண்டே வரும். திரும்பிப் பார்த்து ஓட்டுங்கள், ரொட்டவேட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது.

செய்யவே கூடாத ஒன்று

மாங்காய் பறிக்கவும் முருங்கை ஒடிக்கவும் பக்கெட்டில் ஆளை நிறுத்தித் தூக்குகிறார்கள். ஒரு ஓஸ் வெடித்தால், ஒரு கை தவறி லிவரைத் தொட்டால், பிடித்து நிற்க அங்கே எதுவும் இல்லை. ஏணி இருக்கிறது, தொரட்டி இருக்கிறது. வீட்டு ஆளாக இருந்தாலும், "ஒரு நிமிஷம்தான்ணே" என்று கேட்டாலும், ஏற்றாதீர்கள். உயர்த்திய பக்கெட்டுக்கு அடியில் போவதும் இதே கணக்குதான்.

நிறுத்திய பிறகு

பக்கெட்டைத் தரையில் சமமாக இறக்கி, எஞ்சினை அணைத்து, லிவரை நான்கு பக்கமும் ஒருமுறை ஆட்டுங்கள். ஓஸில் தங்கிய அழுத்தம் இறங்கும். எஞ்சின் அணைந்திருந்தாலும் உயர்ந்து நிற்கும் பக்கெட் லிவரைத் தொட்டால் விழும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் லிவர் பூட்டைப் போட மறக்காதீர்கள்.

வேலை செய்த ஒவ்வொரு நாளும் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். பழைய கறுத்த கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப்பார்க்கும்வரை அடித்தால் போதும். வண்டல் நாட்களில் சேறு உள்ளே போய் பின்னைத் தேய்த்துவிடும், அதனால் மாலையே அடித்துவிடுவது நல்லது. புது லோடர் என்றால் முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, லோடரை டிராக்டரின் உடம்போடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். எங்கள் வண்டியில் இடது பக்கம் இரண்டு போல்ட் கால் சுற்றுத் திரும்பின.